கையொப்பமும் ஓர் அமானிதமே
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரை)

  

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று மதரஸாப் பிள்ளைகளிடம் கேட்பதுண்டு. தொழுகை, நோன்பு, ஹஜ் என்றே பதில் வரும். அது சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம். கடனை எழுதி வைப்பதையும் சாட்சிகளை அமைப்பதையும் பற்றியது. கொடுக்கல் வாங்கலில் எழுத்துக்கும் சாட்சிக்கும் மார்க்கம் தந்துள்ள இடம் இது.

சில காலத்திற்கு முன் ஓர் இளைஞர் என்னிடம் ஒரு பத்திரம் கொண்டுவந்தார். தகப்பனார் வீட்டில் தமக்குள்ள பங்கை வளைகுடாவில் இருக்கும் அண்ணன் விட்டுக்கொடுப்பதாக அதில் எழுதியிருந்தது. "ஹஸ்ரத், நோட்டரி முத்திரை வாங்கியாகிவிட்டது. நீங்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதும்" என்றார். பத்திரத்தில் கண்ட தேதியில் அண்ணன் ஊரிலேயே இல்லை என்பதை நான் அறிவேன். அவருடன் தொலைபேசியில் பேசினேன். வீட்டு வரி விஷயமாக இருக்கும் என்றெண்ணி வெற்றுத்தாளில் கையெழுத்திட்டு அனுப்பினாராம். நான் மறுத்துவிட்டேன். "எல்லோரும் இப்படித்தானே செய்கிறார்கள்?" என்று இளைஞர் வருந்தினார். அந்தக் கேள்விக்கே இங்கு விடை கூற விரும்புகிறேன்.

நோட்டரி என்பவர் 1952ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டப்படி மத்திய அரசாலோ மாநில அரசாலோ நியமிக்கப்படுபவர். பொதுவாகப் பத்தாண்டுகளாவது வழக்கறிஞராகத் தொழில் புரிந்திருக்க வேண்டும். கையொப்பமிடுபவர் அவர் முன்னிலையில் நேரில் நிற்க வேண்டும். அடையாள அட்டையைக் கொண்டோ, தமக்கு அறிமுகமான ஒருவரைக் கொண்டோ, வந்தவர் இன்னாரென்று நோட்டரி உறுதி செய்துகொள்வார். எழுதியிருப்பது புரிந்ததா, சுயவிருப்பத்துடன் கையொப்பமிடுகிறாரா என்று விசாரிப்பார். எழுத்தறியாதவராயின் வாசித்துக் காட்டி விளக்கிய பின்னரே கைநாட்டுப் பெற வேண்டும். பிறகு தம் பதிவேட்டில் வரிசை எண்ணுடன் விவரம் எழுதி, அதிலும் அவருடைய கையொப்பத்தை வாங்குவார். இறுதியில்தான் தம் பெயர், பதிவு எண், அதிகார எல்லை பொறித்த ஐந்து சென்டிமீட்டர் வட்ட முத்திரையை இடுவார். நாளை வழக்கு வந்தால் பத்திரத்துக்குத் துணை நிற்பது அந்தப் பதிவேடுதான்.

ஆளைக் காணாமல் முத்திரையிடுவது காணாததைக் கண்டதாகச் சாட்சி சொல்வதாகும். பொய்ச்சாட்சி பெரும்பாவங்களில் ஒன்று என்பதை நாம் அறிவோம்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். இன்னார் கையொப்பமிட்டார் என்பதற்கே நோட்டரி பொறுப்பு. உள்ளே எழுதியிருப்பது உண்மை என்பதற்கு அவர் பொறுப்பல்லர். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனையும் பங்கு விடுதலையும் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளரிடம் பதிவாக வேண்டும். நோட்டரி முத்திரை அதற்கு ஈடாகாது. பவர் பத்திரத்தை மட்டும் வைத்து வீடு, மனை உரிமை மாறாது என்று 2011ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியுள்ளது. திருமண, மணவிலக்கு ஆவணங்களை நோட்டரி எழுதித் தர அதிகாரமில்லை என்று மத்திய சட்ட அமைச்சகம் 2024ஆம் ஆண்டு அறிவுறுத்தியது. நிகாஹ் விஷயத்தில் நம் குடும்பங்கள் இதைக் கவனத்திற் கொள்க.

வெளிநாட்டில் இருப்போர்க்கு நேரான வழி உண்டு. அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அலுவலர் முன்னிலையில் பவர் பத்திரத்தில் கையொப்பமிடலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்திற்குள் இங்கு முத்திரைத் தீர்வை செலுத்திக்கொள்ள வேண்டும். அந்த அண்ணனிடமும் இதையே கூறினேன்.

அன்பர்களே! வெற்றுத்தாளில் கையெழுத்திடாதீர்கள். வாசிக்காமல் இடாதீர்கள். நம் தாய்மார்களின், சகோதரிகளின் கைநாட்டை அவர்களுக்கு விளங்காத தாளில் வாங்காதீர்கள். அவர்களுடைய பங்கு அல்லாஹ் விதித்த பங்கு. அமானிதத்தைப் பேணி வாழும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.