வீட்டில் இருந்து வேலை, வெளியூர்ச் சம்பளம்: வரியை யார் கட்டுவது?



கூரைத்தகடு, காணி உறுதி, பாடசாலை அனுமதி பற்றியெல்லாம் மற்றவர்கள் பேசிவிட்டார்கள். நான் பேச வந்தது உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் சம்பளத்தைப் பற்றி. ரிவர்ஸ்டன் பக்கம் திரும்பி வரும் குடும்பங்களில், கணினி வழியாகக் கொழும்புக் கம்பனிக்கோ வெளிநாட்டுக் கம்பனிக்கோ வேலை செய்கிற பிள்ளைகளும் இருப்பார்கள்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுவோம். அமெரிக்காவில் பல மாநிலங்கள் தனித்தனியே வருமான வரி அறவிடுகின்றன. நியூயோர்க் கம்பனிக்கு வேறு மாநிலத்து வீட்டில் இருந்து வேலை செய்தாலும் நியூயோர்க் வரி கேட்கலாம். அங்குள்ள உறவினர் சொல்வது அந்தக் கதை. இங்கே மாகாணத்துக்கு மாகாணம் வருமான வரி கிடையாது. கம்பனி மேல் மாகாணத்திலும் நீங்கள் மாத்தளையிலும் இருந்தாலும் வரி ஒன்றுதான். அதைக் கம்பனியே சம்பளத்தில் கழித்து உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டும். 2023 ஜனவரி முதல் இது கட்டாயம். வருட முடிவில் அவர்கள் தரும் ரி-10 சான்றிதழைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

சிக்கல் வெளிநாட்டு முதலாளியிடம்தான். இலங்கையில் அலுவலகம் இல்லாத கம்பனி இங்கே வரி கழிக்காது. முழுச் சம்பளமும் கைக்கு வரும். வரி இல்லை என்று பிள்ளை நினைத்துவிடும். முன்பு அந்த வருமானத்துக்கு விலக்கு இருந்தது உண்மை. 2025 ஏப்ரல் 1 முதல் அது இல்லை.

2025 ஏப்ரலில் தொடங்கிய வரி ஆண்டில் இருந்து வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை வரி கிடையாது. அதைத் 'தனிநபர் நிவாரணம்' என்பார்கள். உங்களுக்கு முகாமில் கிடைத்த நிவாரணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை! மாதம் 2 இலட்சம் உழைக்கும் பிள்ளைக்கு வருடம் 24 இலட்சம். 18 இலட்சத்தைக் கழித்தால் மிச்சம் 6 இலட்சம். அதற்கு 6 வீதம், 36,000 ரூபா. கொழும்புக் கம்பனி என்றால் மாதம் 3,000 கழித்திருக்கும். வெளிநாட்டுக் கம்பனி என்றால் அதே தொகையைப் பிள்ளையே காலாண்டுக்கு 9,000 ஆகக் கட்ட வேண்டும்: ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. வரி அறிக்கை நவம்பர் 30க்குள்.

இரண்டு இடத்தில் வேலை செய்தாலும் 18 இலட்சம் ஆளுக்கு ஒரு முறைதான். கொழும்புச் சம்பளத்திலேயே அது முடிந்துவிட்டால், வெளிநாட்டில் இருந்து வரும் முழுவதற்கும் வரி உண்டு.

வெளிநாட்டுச் சம்பளத்துக்கு உச்ச வீதம் 15. உள்ளூர்ச் சம்பளத்துக்கு அது 36 வரை போகும். ஆனால் பணம் வெளிநாட்டு நாணயமாக வங்கி வழியே வந்தால்தான் இந்தச் சலுகை. உண்டியலில் வந்த பணத்துக்கு அதைக் கேட்க முடியாது. மகன் கட்டாரில் இருந்து குடும்பச் செலவுக்கு அனுப்புவது வேறு. அது உங்கள் சம்பளமல்ல.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இன்னொன்று. வரி இலக்கம் எடுத்திருந்தால் பழைய விலாசம்தான் பதிவில் இருக்கும். அறிவித்தல் கடிதம் ஆளில்லாத வீட்டுக்குப் போகும், தவணை தவறும், தண்டப்பணமும் வட்டியும் ஏறும். விலாசத்தை இப்போதே மாற்றுங்கள். வங்கிக் கூற்று தொலைந்திருந்தால் கிளையில் மறுபிரதி கேளுங்கள். இலக்கம் இல்லாதவர்கள் அடையாள அட்டையுடன் பதியலாம்; பதிந்தாலே வரி கட்ட வேண்டும் என்றில்லை. சந்தேகம் இருந்தால் திணைக்களத்தின் 1944க்கு அழையுங்கள்.