எடைக் குறைப்பு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு

(கீழ்புத்துப்பட்டில் மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் இந்த ஊர்ப் பொண்ணுதான், செய்தித் துறையில் எழுதுற வேலை பார்க்கிறேன். நான் டாக்டர் கிடையாது, அதை முதல்லயே சொல்லிடறேன். எங்க அத்தைக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன் நடந்து ரெண்டு வருஷம் ஆகுது. அவங்ககூட ஒவ்வொரு செக்-அப்புக்கும் போனவள் நான். டாக்டரும் டயட்டீஷியனும் சொன்னதை நோட்டுப் போட்டு எழுதி வச்சேன். அந்த நோட்டிலிருந்துதான் இன்னைக்குப் பேசப் போறேன். அத்தையிடம் கேட்டுட்டுத்தான் வந்தேன். "சொல்லு, யாருக்காவது உதவட்டும்"னு சொன்னாங்க. பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்காங்க.

உப்பளத்தில் வேலை பார்க்கிறவங்களுக்கு எடை எப்படிப் போடும் என்று வெளியூர்க்காரங்க கேட்பாங்க. நமக்குத் தெரியும். இருபது வருஷம் உப்பு சுமந்து முட்டி போயிடுது, வேலையை விட்டுடறோம், சாப்பாடு மட்டும் பழைய அளவிலேயே நிக்குது. மூணு வேளையும் சோறு, நடுவில் டீயும் பிஸ்கட்டும். அப்புறம் சுகர், அதுக்கு ஊசி, முட்டி வலியால் நடக்க முடியாது, நடக்காததால் இன்னும் எடை. இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். ஆண்கள் 37 சதவீதம்.

இந்த ஆபரேஷன் எல்லாருக்கும் கிடையாது, அழகுக்காகச் செய்வதும் கிடையாது. 2022-இல் அறுவை சிகிச்சை நிபுணர்களின் சர்வதேச அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டுதலில், பி.எம்.ஐ. 35-க்கு மேல் இருந்தால் பரிந்துரைக்கலாம், சர்க்கரை நோய் போன்றவை இருந்தால் 30-லேயே யோசிக்கலாம் என்று இருக்கிறது. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு இன்னும் குறைவு, 27.5-லிருந்தே பார்க்கலாம் என்கிறார்கள். ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு 81 கிலோ என்றால் பி.எம்.ஐ. ஏறத்தாழ 35 வரும். ஆபரேஷன் வேணுமா வேணாமா என்பது டாக்டர் முடிவு. அது முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதைத்தான் நான் பேச வந்தேன்.

அத்தைக்குச் செய்தது 'ஸ்லீவ்'. இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்து, மீதியை வாழைக்காய் மாதிரி ஒரு குழாயாக வைத்துத் தைத்துவிடுவார்கள். 'பைபாஸ்' என்று இன்னொன்று இருக்கு. அதில் இரைப்பையின் மேல்பக்கம் சின்னப் பை ஒன்றை மட்டும் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலோடு இணைப்பார்கள். எதுவானாலும் வயிற்றுக்குள்ளே ஒரு நீளத் தையல் இருக்கு. வெளியே நாலைந்து சின்னத் துளைதான் தெரியும். அதைப் பார்த்துட்டு "அவ்வளவுதானா ஆபரேஷன்?"னு உறவுக்காரங்க கேட்பாங்க. ஆறின மாதிரி தெரிவது வெளித்தோல் மட்டும்தான்.

முதல் இரண்டு வாரம் முழுக்கத் தண்ணி ஆகாரம். ஆரம்பத்தில் வெறும் தண்ணி, வடிகட்டின ரசம், பருப்புத் தண்ணி. பிறகு மோர், சர்க்கரை போடாத பால், புரோட்டீன் பவுடர் கலந்தது. எங்க வீட்டில் அளவுக்குப் பாலாடையைத்தான் எடுத்தோம், குழந்தைக்குப் பால் புகட்டுற அதே பாலாடை. அதில் ஒரு தடவைக்கு 30 மில்லி போல. கால் மணி நேரத்துக்கு ஒரு பாலாடை என்றால் மணிக்கு 120 மில்லி. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் உள்ளே போகணும்னா காலை 6 மணிக்கு ஆரம்பித்து ராத்திரி 7 மணி வரைக்கும் விடாம குடிக்கணும். கேட்க சாதாரணமா இருக்கு, செய்து பாருங்க தெரியும். அத்தை மூணாம் நாளே அழுதுட்டாங்க. மாமா போனில் கால் மணிக்கு ஒரு அலாரம் வச்சார்.

மூணு, நாலாவது வாரம் மசித்த ஆகாரம். குழைய வேகவைத்த பருப்பு, மசித்த முட்டை, தயிர். நாம கடற்கரைக்காரங்க என்பதில் ஒரு வசதி இருக்கு. முள் எடுத்து நல்லா உதிர்த்த மீன் இந்தக் கட்டத்துக்கு ரொம்பப் பொருத்தம். எண்ணெய் இல்லாம அவிச்சு, காரம் இல்லாம கொடுக்கணும். ஐந்தாவது வாரத்திலிருந்து மிருதுவான சாப்பாடு, இட்லி, சுறாப்புட்டு, வெந்த காய். இரண்டு மாதம் வாக்கில் மெல்ல வீட்டுச் சாப்பாடு. ஒவ்வொரு மருத்துவமனையும் நாள் கணக்கில் கொஞ்சம் முன்னே பின்னே சொல்லும். உங்க டாக்டர் எழுதிக் கொடுத்த தாள்தான் கணக்கு, என் நோட்டு இல்லை.

வீட்டுச் சாப்பாடு என்றால் தட்டு மாறணும். முதலில் புரோட்டீன், பிறகு காய், கடைசியில் இடமிருந்தா சோறு. நாம இவ்வளவு நாளா செய்தது தலைகீழ், சோறு மலை மாதிரி, ஓரத்தில் ஒரு துண்டு மீன். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரோட்டீன் வேணும். இரண்டு முட்டை, நூறு கிராம் மீன், ஒரு கிண்ணம் பருப்பு, ஒரு கிண்ணம் தயிர், ஒன்றரை டம்ளர் பால், இவ்வளவும் சேர்ந்தாத்தான் கிட்டத்தட்ட அந்த அளவு வரும். இதை ஐந்தாறு வேளையாகப் பிரிக்கணும். கருவாட்டில் புரோட்டீன் உண்டு, ஆனால் உப்பும் அதே அளவுக்கு உண்டு, பிரஷர் உள்ளவங்க ஆசைக்கு மட்டும். கேழ்வரகுக் கூழ் நல்லதுதான். ஆனா அதைக் குடித்தே வயிறு நிரம்பிட்டா புரோட்டீனுக்கு இடம் இருக்காது.

சாப்பிடும்போது தண்ணி குடிக்கக் கூடாது. முடிந்து அரை மணி நேரம் கழித்துத்தான். அத்தை நாலாவது மாதத்தில் இங்கேயே, அய்யனார் கோயிலில் ஒரு காதுகுத்துக்குப் போனாங்க. பந்தியில் உட்கார வச்சு, "எவ்வளவு இளைச்சுட்டே, சாப்பிடு சாப்பிடு"னு இலையில் கறி வைத்தாங்க. மறுத்தா கோவிச்சுப்பாங்கன்னு இரண்டு துண்டு, சரியா மெல்லாம, பேச்சு சுவாரசியத்தில் விழுங்கிட்டாங்க. நெஞ்சுக்கு நடுவில் அடைச்சுக்கிச்சு. வேர்த்துக் கொட்டுது, எச்சில் ஊறுது, பேச முடியல. உடனே ஒருத்தர் சோடா உடைத்துக் கொடுத்தார். அதையும் குடித்தாங்க. பிறகு ஒரு மணி நேரம் பட்ட பாடு எங்க குடும்பத்துக்கே தெரியும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யல, அத்தனையும் அன்புதான். அதனால விருந்து வைக்கிறவங்ககிட்ட ஒரு வேண்டுகோள்: ஆபரேஷன் ஆனவங்களை உபசரிக்காதீங்க. அவங்களா கேட்கிறதை, கேட்கிற அளவு கொடுங்க. ஒரு ஸ்பூன் சாப்பிட்டு எழுந்தா அது உங்க சமையலுக்கு அவமரியாதை இல்லை.

இதற்கு நேர் எதிரா, அடைக்காம வழுக்கிட்டுப் போறதும் இருக்கு. முறுக்கு, மிக்சர், ஐஸ்கிரீம், கரும்புச் சாறு. சின்ன வயிறு இதையெல்லாம் தடுக்காது. ஸ்லீவ் செய்தவங்களுக்கு முதல் வருஷத்தில் மொத்த எடையில் சராசரியா நாலில் ஒரு பங்கு குறையும்னு சொல்றாங்க. இரண்டு வருஷத்துக்கு மேல் மெல்ல ஏறுவதற்கு நொறுக்குத்தீனி ஒரு முக்கியக் காரணம். பைபாஸ் செய்தவங்களுக்கு இனிப்பு சாப்பிட்டா படபடப்பு, வேர்வை, வயிற்றுப்போக்கு வேற வரும்.

இப்போ மாத்திரை. இதைக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க, ஏன்னா எங்க வீட்டில் பெரிய தப்பு நடந்தது இங்கதான்.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கினதிலிருந்து நம்ம ஊரில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருது. நல்ல விஷயம். ஆனா ஆபரேஷன் ஆனவங்களுக்கு, எடை குறையறதுக்கு முன்னாடியே, சில நாளில்கூட சுகர் இறங்க ஆரம்பிச்சுடும். பழைய மாத்திரையை, பழைய ஊசியைப் பழைய அளவிலேயே போட்டா சுகர் ரொம்பத் தாழ்ந்து மயக்கம் வரும். பிரஷர் மாத்திரையும் அப்படித்தான். அத்தை ஒரு மே மாதம் உப்பளத்தில் கணக்குப் பார்க்கப் போய் வரப்பிலேயே சுருண்டு விழுந்தாங்க. வெயில், குடித்த தண்ணி பத்தாது, உடம்பு நீர் வேர்வையாப் போச்சு, அதுக்கு மேல பழைய அளவு பிரஷர் மாத்திரை. வீட்டுக்கு வர்ற தன்னார்வலர்கிட்ட ஆபரேஷன் நடந்ததை நாங்க சொல்லவே இல்லை. கூச்சம்தான் காரணம், அவங்க மேல ஒரு தப்பும் இல்லை. டிஸ்சார்ஜ் தாளை ஜெராக்ஸ் எடுத்து ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் ஒன்று, தன்னார்வலரிடம் ஒன்று கொடுங்க. எதையும் நீங்களா நிறுத்தவும் கூடாது, அதே அளவில் கேட்காம தொடரவும் கூடாது.

அடுத்து வைட்டமின். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி. இது ஆயுசு முழுக்க. மூணாவது மாதம் தலைமுடி கொத்துக் கொத்தா கொட்டும், பயப்படாதீங்க, பெரும்பாலானவங்களுக்குத் திரும்ப வளரும். அத்தை என்ன செய்தாங்கன்னா, "மாத்திரை போட்டும் முடி கொட்டுதே, எதுக்கு இது?"னு எட்டாவது மாதத்தில் எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. உடம்பு லேசா இருக்கு, சுகர் இல்லை, எல்லாரும் பாராட்டுறாங்க. ஒன்றே கால் வருஷத்தில் பாதம் மரத்துப் போச்சு. செருப்பு கழண்டது தெரியாம நடந்து வந்தாங்க. ரத்தம் பார்த்தா பி12 அடிமட்டத்தில். ஊசி போட்டுப் போட்டு இப்போ பரவாயில்லை, இடது காலில் இன்னும் கொஞ்சம் மரமரப்பு இருக்கு. நரம்பு முழுசா திரும்புமா என்று டாக்டரால் உறுதி சொல்ல முடியல.

இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடாதீங்க, இரண்டு மணி நேரம் இடைவெளி வேணும். டீயோடும் வேண்டாம். முட்டி வலிக்கு மருந்துக் கடையில் நாமளா வாங்கிப் போடுற வலி மாத்திரை, டைக்லோஃபெனாக் மாதிரியானது, புண் உண்டாக்கும், அதிலும் பைபாஸ் செய்தவங்களுக்கு ஆபத்து அதிகம். ஆண்களும் இதைப் படிப்பீங்க, ஒரு வரி: ஆபரேஷனுக்குப் பிறகு மது வேகமாகவும் அதிகமாகவும் ஏறும், தொடாதீங்க. இளம் பெண்கள் ஒரு வருஷம் முதல் ஒன்றரை வருஷம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப் போடணும். எடை குறைந்ததும் கரு தங்குற வாய்ப்பு கூடும். கிராம சுகாதார செவிலியரிடம் முன்கூட்டியே பேசிடுங்க.

நடை. ஆபரேஷன் அன்னைக்கே அல்லது மறுநாளே எழுப்பி நடக்க விடுவாங்க. கொடுமைன்னு நினைக்காதீங்க, காலில் ரத்தம் உறையாம இருக்கத்தான். வீட்டுக்கு வந்ததும் பத்து நிமிஷம், நாளுக்கு மூணு நாலு தடவை. ஒரு மாதத்தில் ஒரே மூச்சில் அரை மணி. முதல் ஆறு வாரம் குடம் தூக்குறது, சிலிண்டர் நகர்த்துறது கூடாது. உப்பு மூட்டை பக்கம் டாக்டர் சொல்லாம போகவே கூடாது. இங்கே நடக்க இடம்தான் பிரச்சினை. ஈ.சி.ஆர். ரோட்டு ஓரம் வேண்டவே வேண்டாம், வண்டிங்க போற வேகம் தெரியும். அத்தை தெருவுக்குள்ளேயே எட்டுச் சுற்று நடப்பாங்க. மாவட்டம்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையோடு 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் 2023 நவம்பர் 4-இல் தொடங்கியிருக்கு. அது ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கலாம்.

நடை மட்டும் போதாது. வேகமா இளைக்கும்போது கொழுப்போடு சதையும் கரையும். இரண்டு மாதத்துக்குப் பிறகு டாக்டர் சரின்னா, நாற்காலியில் கை ஊன்றாம உட்கார்ந்து எழுந்திருக்கிறது பத்துத் தடவை, அரை லிட்டர் தண்ணி பாட்டிலைக் கையில் பிடிச்சு மேலே கீழே தூக்குறது. இதுக்கு ஜிம் வேண்டாம், திண்ணை போதும்.

எப்போ ஓடணும்? காய்ச்சல், வயிற்று வலி கூடிக்கிட்டே போறது, சும்மா இருக்கும்போதே நெஞ்சு படபடன்னு அடிக்கிறது, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்குறது, தண்ணிகூடத் தங்காத வாந்தி. வாந்தி நாள்கணக்கில் தொடர்ந்து, தள்ளாட்டமோ பார்வை இரட்டையாத் தெரியறதோ வந்தா அது பி1 சத்துக் குறைவு, ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்க. "எடைக் குறைப்பு ஆபரேஷன் ஆனவங்க"ங்கிறதை முதல் வாக்கியமாச் சொல்லுங்க.

இன்னும் ஆபரேஷனுக்குப் போகாதவங்களுக்கு ஒன்று. 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர், சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்த ஆபரேஷனுக்குப் போய் உயிரிழந்தார். அரசு விசாரணை நடத்தியது. பயமுறுத்தச் சொல்லல. விளம்பரத்தைப் பார்த்து, கட்டணம் குறைவுன்னு ஓடாதீங்க. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகள் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு செய்திருக்கணும், அந்தச் சான்றைக் கேட்கலாம். தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கேயே இருக்கா, மயக்க மருந்து டாக்டர் யாரு, ஒரு வருஷம் கழித்து யார் பார்ப்பாங்கன்னு கேளுங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கறவங்க, இந்த ஆபரேஷன் உங்களுக்கு அதில் வருமான்னு மருத்துவமனைக் காப்பீட்டு உதவி மையத்தில் முன்பே கேட்டுக்கோங்க. நம்ம ஊர் மறுவாழ்வு முகாமில் இருக்கறவங்களுக்கு அந்த அட்டைக்கு வருமான வரம்பு கிடையாது, நிறைய பேருக்கு இது தெரியல. சந்தேகத்துக்கு 104.

என் பேச்சு இவ்வளவுதான். கேள்வி இருந்தா என்னைக் கேட்கிறதைவிட அத்தையைக் கேளுங்க. மோர் கொண்டு வந்திருக்காங்க, எல்லாரும் குடிச்சுட்டுப் போங்க. அத்தைக்கு மட்டும் யாரும் டம்ளர் நிறைய ஊத்திடாதீங்க.