பிளாஸ்டிக் குழாயில் சுண்ணாம்புக்கல்

தமிழ்நாடு-கேரள எல்லையில், கம்பம் பள்ளத்தாக்கிற்கு மேலே அமைந்தது கம்பம்மெட்டு. இடுக்கி மாவட்டத்தின் இப்பகுதியில் கோடையில் நீர் பாய்ச்சாவிடில் ஏலச்செடி வாடிவிடும். பள்ளத்துக் குளத்து நீரைச் சரிவின் மேலே கொண்டு செல்வது பி.வி.சி. குழாய். ஒவ்வொரு 10 மீட்டர் ஏற்றத்திற்கும் குழாயின் அடிமுனையில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் கூடும். 60 மீட்டர் ஏற்றமெனில் 6 கிலோ. மோட்டார் நிற்கும் நொடியில் திரும்பும் நீரின் அதிர்ச்சி வேறு. ஆகவே, குழாயில் கலந்துள்ளது என்ன என்பது விவசாயியின் கேள்வியும் ஆகும்.

சுண்ணாம்புக்கல் தூள் சேர்ப்பதே கலப்படம் என்று கருதுவோர் உளர். அது முழுதும் சரியன்று. கனிமத் துகள் நீளாது, வளையாது. எனவே அது சேர்ந்த பிளாஸ்டிக் விறைப்புப் பெறுகிறது, விலையும் குறைகிறது. ஏறத்தாழ ஒரு மைக்ரான் அளவுக்கு அரைத்து, ஸ்டியரிக் அமிலம் பூசிய தூள் சீராகப் பரவும்; அளவோடு சேர்த்தால் குழாய்க்குக் கேடில்லை. பருமனான தூளோ, கட்டிதட்டிய தூளோ அப்படியன்று. இழுவிசை வரும்போது துகள் பிளாஸ்டிக்கை விட்டுப் பிரிகிறது. அவ்விடத்தில் விரிசல் தொடங்குகிறது. நீளும் தன்மையும் மோதலைத் தாங்கும் திறனும் குன்றுகின்றன. தட்டை வடிவத் துகள் கொண்ட டால்க், பாலிபுரொப்பிலீனால் ஆன கார் உறுப்புகளுக்கு விறைப்பூட்டப் பயன்படுவதும் இவ்வகையினதே.

இங்குக் கூடியுள்ள மாணவர்களும் அலுவலர்களும் இதன் பொருளாதாரத்தையும் நோக்க வேண்டும். பி.வி.சி.யின் அடர்த்தி சுமார் 1.4, சுண்ணாம்புக்கல்லின் அடர்த்தி 2.7. நூறு கிலோ பிசினுடன் 40 கிலோ தூள் கலந்தால் கலவையின் அடர்த்தி சுமார் 1.62 ஆகிறது. எடைக்கணக்கில் வாங்குபவருக்கு அதே பருமனுள்ள குழாயில் ஏறத்தாழ 14 விழுக்காடு நீளம் குறையும். மலிவென்று வாங்கியது மலிவன்று.

பி.வி.சி. குழாய்களுக்கான இந்தியத் தரநிலை 4985, அடர்த்தியை 1.40 முதல் 1.46 வரை என வரையறுத்துள்ளது. நூற்றுக்கு எட்டு, பத்துப் பங்குக்கு மேல் தூள் சேர்த்தாலே இவ்வெல்லை கடந்துவிடும். இதைச் சோதிக்கப் பெரிய கூடம் தேவையில்லை. 146 கிராம் எடையுள்ள துண்டை நீரில் மூழ்கடித்து நிறுத்தால் எடை குறைந்தது 100 கிராமாவது குறைய வேண்டும். குறையாவிடில் தூள் மிகுதி என்று ஐயுறலாம். ஆனால், துகள் பருமனா, நுண்மையா என்பதைத் தராசு காட்டாது. அதற்கு நீரழுத்தச் சோதனையும் மோதல் சோதனையும் வேண்டும். 1968இல் சென்னையில் தொடங்கப்பெற்ற மத்திய பிளாஸ்டிக் நிறுவனமான சிப்பெட் போன்ற இடங்களுக்கு மாதிரி அனுப்பும் செலவைக் கொள்முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுவது நலம்.