நகம் வளர்த்த கையும் பேஸ் கிற்றாரும்

திருகோணமலை போன்ற ஒரு துறைமுக ஊரில் கிற்றார் வாசிக்கிறவர் ஒரே வாத்தியத்தோடு நின்றுவிட முடிவதில்லை. ஞாயிறு காலையில் தேவாலயப் பாடகர் குழுவுக்கு அக்கூஸ்ரிக் கிற்றாரை விரலால் மீட்டுகிறவரே, இரவில் உப்புவெளியிலோ நிலாவெளியிலோ ஒரு ஹோட்டல் கொண்டாட்டத்துக்கு பேஸ் வாசிக்கிறவர் வராவிட்டால், அந்தக் கனத்த வாத்தியத்தையும் தோளில் மாட்ட நேரும். அப்போது குழுவில் ஒருவராவது அவருடைய வலக்கையைப் பார்த்துவிட்டு, "மச்சான், முதல்ல அந்த நகத்த வெட்டிப்போட்டு வா" என்பார். இந்த அறிவுரை அவசரப்பட்டது என்பதுதான் என் கட்சி. பேஸ் வாசிப்பில் நகம் இடைஞ்சல் தரும், அதை மறுக்கவில்லை. ஆனால் நகவெட்டியை எடுக்குமுன் பார்க்கவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது: அது பெருவிரல்.

இடைஞ்சல் எங்கிருந்து வருகிறது? அக்கூஸ்ரிக் கிற்றாரில் விரல் தந்தியைத் தொடும்போது முதலில் சதை படுகிறது, பிறகு தந்தி உருண்டு நகத்தின் விளிம்புக்கு வந்து அங்கிருந்து விடுபடுகிறது. கடினமான, ஒடுங்கிய ஒரு முனை தந்தியைக் கூர்மையாக வளைத்து விடுவதால் மேற்சுரங்கள் நிறைய எழும். அந்தப் பளிச்சென்ற நாதத்துக்காகத்தான் நகத்தையே வளர்க்கிறார்கள். பேஸில் கதை வேறு. அதன் தடித்த தந்தி ஏறக்குறைய இரண்டரை மில்லிமீற்றர் பருமன். சாதாரணக் கிற்றாரின் அதே தந்தியைவிட ஒரு ஸ்தாயி கீழே, வினாடிக்கு 41 அதிர்வுகளில் ஒலிப்பது. அதன்மேல் உருண்டைக் கம்பி சுற்றியிருந்தால் அந்த வரிகளில் நகம் மாட்டி இழுபடும். சதை ஒரு தரமும் நகம் ஒரு தரமுமாக ஒரு சுரத்துக்கு இரண்டு தட்டல் கேட்கும். தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் அந்தக் 'கிளிக்'கை அப்படியே ஒலிபெருக்கிக்கு அனுப்பிவிடும். மேளத்தோடு ஒட்டிப் போகவேண்டிய வாத்தியத்துக்கு இது அழகில்லை.

ஆனால் இந்த வாத்தியம் எந்த விரலுக்காகச் செய்யப்பட்டது என்று பாருங்கள். லியோ ஃபென்டர் 1951-ல் பிரிசிஷன் பேஸை விற்பனைக்கு விட்டபோது, மெல்லிய தந்திக்குக் கீழே ஒரு சின்னக் கட்டையைப் பொருத்தியிருந்தார். மற்ற விரல்கள் அந்தக் கட்டையைப் பிடித்துக்கொள்ள, பெருவிரலால் கீழ்நோக்கி வாசிப்பதற்கென்றே அது வைக்கப்பட்டது. தந்திகளைத் தாங்கும் பாலத்தின் மேல்மூடிக்குள் தந்தியை அமர்த்த ஒரு பஞ்சுத் துண்டும் இருந்தது. மெத்தென்ற, கட்டையான, சீக்கிரம் அடங்குகிற ஒலிதான் அப்போது விரும்பப்பட்டது. சுட்டுவிரலும் நடுவிரலும் மாறிமாறி நடப்பது பிறகு பரவிய பழக்கம். நகம் வளர்த்தவருக்கு இதில் பெரிய ஆறுதல் இருக்கிறது. பெருவிரலைத் தந்திக்கு ஏறக்குறையச் சமாந்தரமாகக் கிடத்தி, பக்கச் சதையால் அழுத்தித் தள்ளினால் நகம் தந்திக்கு எட்டாமலே நின்றுவிடும். உள்ளங்கையின் ஓரத்தைப் பாலத்தருகே மெல்ல வைத்தால் பஞ்சு செய்த வேலையைக் கை செய்யும். மற்ற விரல்களின் நகங்கள் எவ்வளவு நீளம் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

வேகம் வராதே என்பது நியாயமான ஆட்சேபம். ஒரு பெருவிரல், இரண்டு விரல்களின் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ஆனால் எவ்வளவு வேகம் வேண்டும்? மோட்டவுன் நிறுவனத்தின் ஒலிப்பதிவுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றையே நம்பினார். அந்த விரலுக்கு 'கொக்கி' என்றே பெயர். தட்டையாகச் சுற்றிய பழைய தந்திகளை அவர் மாற்றவும் விரும்பவில்லை. நமது பக்கத்துக்கு வந்தால், பாலையூற்றுப் பறங்கியர் வீட்டுக் கல்யாணத்தில் வயலினும் மன்டலினும் ரபானும் சேர்ந்து கஃப்ரிஞ்ஞா ஆட்ட இசை எழுப்பும்போதும், அதன் வழிவந்த பைலாவிலும், தாளம் ஆறெட்டில் துள்ளி ஓடுகிறது. அந்தத் துள்ளலை மேலுள்ள வாத்தியங்கள் பார்த்துக்கொள்ளும். பேஸ் கனத்த அடிகளில் கால் ஊன்றினால் போதும், ஆடுகிறவர்களுக்கு அதுதான் தேவை. ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி'க்கு பேஸ் வாசிக்கப் பெருவிரல் தாராளம். அதிவேகமான ஓட்டங்கள் நிறைந்த பாடல் வந்தால் பிக் என்ற மீட்டுத் துண்டை எடுக்கலாம். அதை இழுக்காக நினைப்பவர்களுக்கு பால் மக்கார்ட்னியும் கரோல் கேயும் பிக் பிடித்தே பேஸ் வாசித்தவர்கள் என்பதை நினைவூட்டுகிறேன்.

சதைதான் சரி, நகம் தவறு என்ற பேச்சிலும் எனக்கு உடன்பாடில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயினைச் சேர்ந்த இரு கிற்றார் மேதைகளுள் ஃபெர்னாண்டோ சோர் சதையால் வாசித்தார், டியோனிசியோ அகுவாடோ நகத்தால் வாசித்தார். இருவரும் நண்பர்கள். தாங்கள் சேர்ந்து வாசிக்க 'இரு நண்பர்கள்' என்றே சோர் ஓர் இரட்டைக் கிற்றார் இசையை ஆக்கினார். பேஸிலும் 1966-ல் 'த ஹூ' குழுவின் ஜோன் என்ட்விசில் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து உருண்டைச் சுற்றுத் தந்திகளை உருவாக்கியது, பியானோபோலப் பளபளக்கும் ஒலிக்காகத்தான். அந்த ஒலிக்கு நகத்தின் கிளிக் பகையில்லை.

அப்படியானால் வெட்டிவிட்டு வளர்த்தால் என்ன என்று கேட்கலாம். விரல்நகம் மாதத்துக்கு ஏறக்குறைய மூன்று மில்லிமீற்றர்தான் வளரும். ஓர் இரவு பேஸுக்காக வெட்டினால் பல ஞாயிறுகளின் அக்கூஸ்ரிக் வாசிப்பை இழக்கவேண்டும். துறைமுகக் காற்றையும் கணக்கில் எடுக்கவேண்டும். உப்பு ஏறிய ஈரம் உருக்குத் தந்தியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த சுற்றுக்கம்பி நகத்துக்கு அரம். கச்சான் காற்று வீசும் காலத்து வறட்சியில் நகம் இன்னும் எளிதாக உடையும். ஆகவே பேஸ் தந்திகளை வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுவது தந்தியோடு நகத்தையும் காப்பாற்றும். துருக்கண்ட தந்தியோடு வந்த இரவல் பேஸ் என்றால், பெருவிரலைத் தவிர வேறு விரலை அதன்மேல் வைக்கவே வேண்டாம்.

ஓர் இடத்தில் மட்டும் நகவெட்டிக்காரர் சொல்வது சரி. தந்தியைப் பெருவிரலால் தட்டி, சுட்டுவிரலால் கீழிருந்து கொளுவி இழுக்கும் 'ஸ்லாப்' வாசிப்பில், தந்திக்கு அடியில் நுழையும் சுட்டுவிரல் நகம் தப்பாது. அது மடங்கினால் சதையோடு கிழியவும் கூடும். அந்தப் பாணியை விரும்புகிறவர் அந்த ஒரு நகத்தைக் குறைத்துக்கொண்டு, அக்கூஸ்ரிக்கில் அதன் வேலையை நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் பழக்கிவிடலாம்.