திரும்பி வந்த பையனுக்கு நம் கடையில் வேலை உண்டா?

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நம் தெருப் பையன் ஒருவன் செல்போன் திருட்டில் சிக்குகிறான் என்று வைத்துக் கொள்வோம். வயது 17. அன்றே நாம் அவனுக்கு ஒரு பெயர் சூட்டி விடுகிறோம். அவன் தாய் தண்ணீர் பிடிக்கப் போனாலும் அந்தப் பெயர்தான் காதில் விழுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவனை லாக்கப்பில் அடைக்கக் கூடாது. 24 மணி நேரத்திற்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அவன் பெயரையோ படத்தையோ பத்திரிகையில் போடக் கூடாது. குழுமம் அறிவுரை கூறி வீட்டுக்கு அனுப்பலாம். நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம். சிறப்பு இல்லத்துக்கு அனுப்பினாலும் 3 ஆண்டுகளுக்கு மேல் இல்லை. 16 வயது கடந்தவன் கொடுங்குற்றத்தில் சிக்கினால் நிலைமை வேறு, அதை மறைக்கவில்லை. மற்றவர்களுக்கோ, அந்த வழக்கால் எந்தத் தகுதியும் பறிபோகாது என்கிறது 24ஆம் பிரிவு. காலம் முடிந்ததும் வழக்குப் பதிவேடுகளையே அழித்துவிடச் சொல்கிறது!

சட்டம் அழித்துவிட்ட ஏட்டை நாமல்லவா பத்திரமாக வைத்திருக்கிறோம்?

வெளியே வந்த பையன் பத்துக் கடை ஏறி இறங்குகிறான். எல்லா இடத்திலும் 'அப்புறம் பார்க்கலாம்'. பதினோராவதாக ஒருவன் பைக்கில் வருகிறான். டீ வாங்கிக் கொடுக்கிறான், செலவுக்கும் கொடுக்கிறான். யார் அவன்? முதல் தடவை இவனைக் கெடுத்த அதே ஆள்! மறுபடி மாட்டினால், 'அப்பவே சொன்னேனே' என்கிறோம். நாம் கொடுக்காத வேலையை அவன் கொடுத்தான் என்பதை மட்டும் சொல்வதில்லை.

கடைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பாத வியாபாரி இங்கே உண்டா? கல்லாவில் உட்கார வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. உங்கள் பயம் நியாயமானதே. குடோனில் சரக்கு எண்ணட்டும், பில் போடப் பழகட்டும். ஒன்று கவனம்: 14 வயதுக்குட்பட்டவனை வேலைக்கு வைப்பது குற்றம், 18 வரை ஆபத்தான தொழில் கூடாது. படிக்க விரும்பினால் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம், ஐ.டி.ஐ.யில் சேரலாம். அந்தச் செலவை ஒரு கடைத்தெரு தாங்காதா?

இளைஞர்களே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. அந்தப் பட்டப்பெயரை விடுங்கள். மாலையில் விளையாடப் போகும்போது அவனையும் கூப்பிடுங்கள்.

முதலாளிமார்களே! கடையில் நூறு ரூபாய் குறைந்தால் உடனே அவன் சட்டைப்பையைத் தடவாதீர்கள். முதலில் கணக்கை மறுபடி கூட்டிப் பாருங்கள்.

வாசலில் மேசைமீது ஒரு நோட்டு இருக்கிறது. ஒரு பையனுக்கு வேலை தர முடிந்தவர்கள் கடையின் பெயரை எழுதிவிட்டுச் செல்லுங்கள்.