காட்டுத்தீயும் விலங்கினங்களும்

காரைக்காலில் காடு இல்லை. அரசலாறு கடலோடு கலக்கும் இச்சமவெளியில் நாம் காணும் தீ, பெரும்பாலும் வரப்போரத்துக் காய்ந்த புல்லைப் பற்றும் சிறு தீயே. ஆயினும், மாணவ நண்பர்களே, அச்சிறு தீயையும் சற்றுக் கூர்ந்து நோக்குங்கள். புகை எழுந்த சிறிது நேரத்தில் கரிச்சான் குருவிகள் வந்துவிடும். தீக்கு அஞ்சிப் பறக்கும் பூச்சிகளை அந்தரத்திலேயே கவ்வி உண்ணும்.

இது பறவையின் சாமர்த்தியம். பரிணாமம் என்பது வேறு. நெருப்பைக் கண்ட விலங்கு, தன் உடலைத் தானே மாற்றிக்கொள்வதில்லை. ஒரே இனத்துக் குட்டிகளிடையே பிறவியிலேயே சிறுசிறு வேறுபாடுகள் உண்டு. அவற்றுள் எவை பிழைத்துச் சந்ததியை விட்டுச் செல்லும் என்பதையே தீ தீர்மானிக்கிறது. சல்லடை மாவை உண்டாக்குவதில்லை. சலித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

சுவீடன் நாட்டுக் காடுகளில் நகத்தளவேயான ஒருவகைத் தத்துக்கிளி உண்டு. ஒரே இனத்தில் சாம்பல் நிறமும் உண்டு, பழுப்பும் உண்டு, கறுப்பும் உண்டு. காடு எரிந்தபின் நிலமெங்கும் கரி படர்ந்திருக்கும். அங்கே வெளிர்நிறத் தத்துக்கிளி பறவையின் கண்ணுக்குத் தப்புவது அரிது. கறுப்பு நிறத்தது தப்பிவிடுகிறது. ஃபோர்ஸ்மன் என்னும் அறிஞரும் அவருடைய துணைவர்களும் 2011-ஆம் ஆண்டில் இதனை எண்ணிக் காட்டினர். தீக்குப் பிந்திய ஆண்டில் எரிந்த நிலத்தில் பாதியளவு தத்துக்கிளிகள் கறுப்பாய் இருந்தன. நான்கே ஆண்டுகளில், பசுமை திரும்பியதும், அவை ஏறத்தாழ 30 விழுக்காடாய்க் குறைந்தன. நிறமோ பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவது. பரிணாமத்திற்குக் கோடி ஆண்டுகள் வேண்டும் என்று எண்ணியிருப்போர்க்கு இது வியப்பாகவே இருக்கும்.

நெடுங்கால மாற்றத்திற்கும் சான்று உண்டு. அது நமக்கு அண்மையிலேயே உள்ளது. நாகப்பட்டினம், வேதாரணியம் வழியே தெற்கே சென்றால் கோடியக்கரை. 1967-இல் சரணாலயமாக்கப்பட்ட அவ்விடத்தில் வெளிமான்கள் மேய்கின்றன. என்ன பொருத்தமான பெயர்! வெட்டவெளியே அதன் வாழிடம். விரைந்தோடும் மெல்லிய கால்கள், தொலைவைக் காணும் கண்கள், கூட்டமாய் வாழும் இயல்பு யாவும் மறைவிடமற்ற புல்வெளிக்கு ஏற்றவை.

அப்புல்வெளிகள் எவ்வாறு தோன்றின? இமயத்தின் அடிவாரத்துச் சிவாலிக் பகுதியில், ஏறத்தாழ 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிக் காடு குறைந்து புல் பரவியது. பழைய மண்ணிலும் விலங்குகளின் பற்களிலும் எஞ்சிய கரியணுக்களால் இதனை அறிகிறோம். பருவமழையின் போக்கு மாறி, வறண்ட காலம் நீண்டது முதற்காரணம். தீயும் அதற்குத் துணைநின்றது என்பது அறிஞர் பலர் கருத்து. தீயில் மரக்கன்று மடியும். புல்லோ அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஆகவே தீ புல்லைப் பரப்ப, புல் விலங்குகளைச் சலித்தது எனலாம்.

ஆயின் இன்று முதுமலையில் நிகழ்வது வேறு. அங்கே கோடைத் தீ பெரும்பாலும் மனிதர் கையால் நேர்வது. 2004-இல் வெளியான ஓர் ஆய்வு, சுமார் 80 ஆண்டுகளில் அங்கே தீயின் அடுக்கு மும்மடங்காகியதைக் காட்டியது. பிப்ரவரி முதல் மே வரை காட்டுக்கோழி தரையில் முட்டையிட்டு அடைகாக்கும் காலம். சருகு எரியும் காலமும் ஏறக்குறைய அதுவே. தாய் பறந்து தப்பலாம், முட்டை தப்பாது. சலிப்பதற்கு மாவே இல்லையென்றால் சல்லடையால் என்ன பயன்? அதனால்தான் வனத்துறையினர் கோடை முற்றுமுன் பாதையோரச் சருகைத் தாமே எரித்துத் தீத்தடுப்புக் கோடுகள் அமைக்கின்றனர். பெருந்தீ வந்தால் அக்கோட்டருகே எரிபொருளின்றித் தணியும். அதற்கப்பால் காட்டுக்கோழி அடையிலிருந்து எழாமல் இருக்கும்.