அம்பின் நேர்மை

துப்பாக்கிக் குண்டு பெரும்பாலும் தன் தாக்குவிசையால் விலங்கை வீழ்த்துவது. வேட்டை அம்போ தன் அலகினால் அறுத்து, குருதி பெருகச் செய்து கொல்வது. ஆதலின் அதன் முனை அகன்றும் கூர்த்தும் இருத்தல் வேண்டும். அவ்வகலத்திலேயே வில்லாளனின் இடர்ப்பாடும் தொடங்குகின்றது.

அம்பின் பின்புறத்து இறகுகள் காற்றைப் பற்றி அதனை நேர்வழியிற் செலுத்துகின்றன. முன்புறத்து அகன்ற அலகும் இறகு போலவே காற்றைப் பற்றும். அலகு சற்றே சாய்ந்திருப்பினும் அம்பு வழி விலகும். பயிற்சிக்குரிய சிறு முனையில் தெரியாத குற்றம், அகன்ற அலகில் வெளிப்பட்டுவிடும்.

தண்டின் நேர்மையைப் பழைய வேட்டுவரும் போற்றினர். 1911ஆம் ஆண்டிலே கலிபோர்ணியாவின் ஒரோவில் நகரில் வெளிப்பட்ட இஷி என்பவர், யாகி மக்களுள் எஞ்சிய கடைசி மனிதராகக் கருதப்பட்டவர். கண்ணாடியைச் செதுக்கி அம்புமுனை சமைப்பதில் வல்லவர். தண்டை அனலிற் காட்டி வளைவு நீக்குவார். அவரிடம் வில்வித்தை பயின்ற மருத்துவர் சாக்ஸ்டன் போப், உருக்கு அலகுகளைக் கையாண்டார். 1923ஆம் ஆண்டில் வில்வேட்டை பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். கண்ணாடியாயினும் உருக்காயினும், தண்டும் முனையும் ஒரே கோட்டில் நிற்றல் வேண்டும்.

இதனை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. முனையை மரப்பலகையில் ஊன்றி, தண்டை நிமிர்த்திப் பம்பரம்போற் சுழற்றுதல் வேண்டும். அலகும் தண்டும் சேருமிடம் அசையாது நின்றாற் குற்றமில்லை. தள்ளாடினால், தண்டு வளைந்துள்ளதா, நுனி சரிவாக வெட்டப்பட்டுள்ளதா, ஒட்டுப்பசை ஒருபுறம் தடித்துள்ளதா என ஆராய்தல் வேண்டும். திருந்தாத அம்பை ஒதுக்கிவிடுவதே முறை.

அடுத்தது எய்து பார்த்தல். எடையொத்த பயிற்சி அம்புகளையும் அலகம்புகளையும் 20 யார் தூரத்திலிருந்து ஒரே குறிக்கு எய்வர். கப்பி பூட்டிய இக்கால வில்லில், அலகம்புகள் வலப்புறம் விலகினால், அம்பு தங்கும் தாங்கியை இடப்புறமாக மிகச் சிறிதளவு நகர்த்துவர். இடப்புறம் விலகினால் வலப்புறமாக நகர்த்துவர். இருவகை அம்புகளும் ஓரிடத்தே சேரும்வரை இவ்வாறு செய்வர்.

இத்துணை நுணுக்கம் எதற்கு? பலகைக் குறியில் நான்கு விரற்கிடை பிழைத்தால் எண்ணிக்கை மட்டுமே குறையும். மானின் உடலில் அப்பிழை நேர்ந்தால், நுரையீரலைத் தப்பிய அம்புடன் அது காட்டினுட் புகுந்து நெடுநேரம் துடித்துச் சாகும். கொல்லத் துணிந்தவன் துன்பம் நீளாது கொல்லக் கடமைப்பட்டவன். அக்கடமை, வீட்டுப் பலகையில் அம்பைச் சுழற்றிப் பார்க்கும்போதே தொடங்கிவிடுகின்றது.